குறிப்பேட்டில் ஏறாத கருத்துகள்

வாசகர் வட்டம் என்றால் எல்லோரும் பேசுவார்கள். யாராவது ஒருவர் எழுத வேண்டும். எங்கள் வட்டத்தில் அந்த ஒருவர் நான். மாதத்துக்கு ஒரு புத்தகம். படித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்வார்கள், நான் குறிப்பெடுப்பேன். அடுத்து எதைப் படிக்கலாம் என்ற பேச்சு வரும்போது அந்தக் குறிப்பேட்டைத்தான் புரட்டுவோம். வரலாறு, சமயம், தலைமைப் பண்பு, காலத்தைக் கடந்து நிற்கும் நாவல்கள் என்று நான்கு வகைகள்தாம் எங்களிடம் மாறி மாறி வரும். கவிதைக்கு வேறு கூட்டம் இருக்கிறது. அங்கே சண்டை குறைவு என்று கேள்வி.

பல ஆண்டுக் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ‘அருமையான நூல், அனைவரும் அவசியம் படிக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தால் யாருக்கும் எந்தப் பயனும் விளைந்ததில்லை. ‘படிப்பது வீண் வேலை’ என்பதும் அப்படியே. பயன்பட்டவை எல்லாம் சற்றுக் கோணலான கருத்துகள். ‘மூன்றாம் இயலில் சொன்னதை ஏழாம் இயலில் ஆசிரியரே மறந்துவிடுகிறார்.’ ‘போர்க்களப் பகுதிகளைத் தாண்டித் தாண்டிப் படித்தேன், எனக்கு ஒன்றும் குறையவில்லை.’ ‘எனக்கு இந்தச் சமயத்தில் நம்பிக்கை கிடையாது, நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.’ இவற்றில் புத்தகமும் தெரிகிறது, படித்தவரும் தெரிகிறார். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அந்தக் கருத்தை நான் ஏட்டில் ஏற்றுவதில்லை. இதனால் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு; இருக்கட்டும்.

வரலாற்று நூல்களை வைத்துத்தான் இந்தப் பழக்கம் எனக்கு வந்தது. எங்களில் ஒரு பெரியவர், வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த வரலாற்று நூலையும் இரண்டு அடையாளச் சீட்டுகள் வைத்துத்தான் படிப்பார். ஒன்று படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் இருக்கும். இன்னொன்று நூலின் கடைசியில், சான்றுக் குறிப்புகள் இருக்கும் பக்கத்தில். பெரிய முடிவு ஒன்றை ஆசிரியர் சொல்லும் இடமெல்லாம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அங்கே கல்வெட்டோ கடிதமோ அரசு ஆவணமோ இருந்தால் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. இன்னொருவர் எழுதிய நூல் மட்டும் இருந்தால் ஒரு புள்ளி. எதுவுமே இல்லாவிட்டால் ஒரு சுழி. கூட்டத்தில் அவர் முறை வரும்போது, “ஐந்தாம் இயலில் சுழிகள் அதிகம்” என்பார். அவருடைய மதிப்புரை அதோடு முடிந்தது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு ஐந்தாம் இயலை யாரும் பழைய மாதிரி படிக்க முடியாது.

இதைப் பார்த்து நானும் வரலாற்று நூல்களுக்கான குறிப்பை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். சான்றைப் பற்றிய குறைகள் இடப்பக்கம், முடிவைப் பற்றிய மனத்தாங்கல்கள் வலப்பக்கம். எட்வர்ட் கிப்பனின் ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய வரலாற்றில் இந்தப் பிரிவினைக்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. அதன் முதல் தொகுதி 1776இல் வெளிவந்தது. அதில் 15, 16ஆம் இயல்கள் கிறித்தவ சமயத்தின் பரவலை மனிதக் காரணங்களைக் கொண்டு விளக்கியதால் கடும் எதிர்ப்பு எழுந்தது. கண்டனங்களுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருக்க கிப்பன் விரும்பவில்லை. ஆனால் அவர் மேற்கோள்களைத் திரித்திருக்கிறார் என்று ஹென்றி டேவிஸ் என்பவர் எழுதியபோது சும்மா இருக்க முடியவில்லை. 1779இல் தனி நூலாகவே மறுப்பு எழுதி, தம் அடிக்குறிப்புகளுக்காக வாதாடினார். உங்கள் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை என்று வாசகர் சொன்னால் ஆசிரியர் தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். உங்கள் சான்று பொய் என்றால் அப்படிப் போக முடியாது.

எங்கள் கூட்டத்தில் வலப்பக்கம்தான் எப்போதும் சீக்கிரம் நிரம்பும். ‘ஒருதலைப்பட்சமான நூல்’ என்பது அங்கே அதிகம் வரும் சொல். அதைச் சொல்பவரிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: ஆசிரியர் எதை விட்டுவிட்டார்? எந்த ஆவணத்தை, எந்தத் தரப்பின் சாட்சியத்தை? பெயர் சொன்னால் அது இடப்பக்கத்துக்கு மாறும். சொல்லத் தெரியாவிட்டால், ஒருதலைப்பட்சம் நூலிடமா படித்தவரிடமா என்பது முடிவாகாத வழக்கு.

நூல் எப்போது, எந்த நிலையில் எழுதப்பட்டது என்பதையும் கருத்தோடு சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். நேருவின் உலக வரலாற்றுக் கடிதங்களை எடுத்துக்கொண்டபோது, விடுபட்டவை என்று ஆளுக்கு ஒரு பட்டியல் கொண்டுவந்தார்கள். அவை 1930க்கும் 1933க்கும் இடையில் சிறைகளில் இருந்தபடி, கையில் நல்ல நூலகம் இல்லாமல், வளரும் மகளுக்கு எழுதியவை. இதைச் சொன்னவுடன் பட்டியல்களில் பாதி தாமாகவே உதிர்ந்தன. மீதிப் பாதி உதிரவில்லை; அதுதான் உண்மையான விமர்சனம். அப்படிப்பட்ட தகவல் பெரும்பாலும் முன்னுரையிலேயே இருக்கும், நாம்தான் அதைத் தாண்டிவிடுகிறோம். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், தலைவர்கள் ஆற்றிய உரைகளைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்துக்கொள்ள இயலவில்லை என்றும், சொல்லப்பட்டதன் பொதுப் பொருளை ஒட்டி, அந்தந்தச் சமயத்துக்குப் பொருத்தமானதை எழுதினேன் என்றும் முதல் பகுதியிலேயே சொல்லிவிடுகிறார். அதைக் கவனிக்காமல் ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளீசின் உரையைச் சொல் சொல்லாகப் புகழ்ந்து கொண்டிருந்தால், யாரைப் புகழ்கிறோம் என்பதே தெரியாது. புத்தகத்தை முடித்த பிறகு முன்னுரையை இன்னொரு தடவை படியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். முதல் வாசிப்பில் சம்பிரதாயமாகத் தெரிந்த வரிகள் இரண்டாவது தடவையில் வாக்குமூலமாகத் தெரியும்.

வரலாற்று நாவலை வரலாறாக எண்ணிப் பேசுவது தனி ரகம். ‘பொன்னியின் செல்வன்’ பேசப்பட்ட அன்று ஓர் இளைஞர், நந்தினியின் சூழ்ச்சியால் சோழ வரலாறே திசை மாறியது என்று உணர்ச்சியோடு விளக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “தம்பி, நந்தினி எந்தக் கல்வெட்டில் இருக்கிறாள்?” என்றார். இளைஞர் சிரித்துவிட்டார். நந்தினி கல்கியின் படைப்பு. வந்தியத்தேவனின் பெயரோ குந்தவையின் கணவர் என்ற அளவில் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று இரவிதாசன் முதலான உடன்பிறந்தோரை உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கல்லில் இருக்கும் அந்தச் சில வரிகளிலிருந்து, 1950 முதல் 1954 வரை வாரம் தவறாமல் வாசகர்களைக் காக்க வைத்த கதை பிறந்தது என்பதைப் பார்த்தால், நாவலாசிரியரின் திறமைமேல் மதிப்பு கூடத்தான் செய்யும். இளைஞர் அதன் பிறகு எந்த வரலாற்று நாவலைப் படித்தாலும் ‘கல்லில் இருப்பவர்கள்’ என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார். கதையை ரசிப்பதற்கு அது தடையாக இல்லை என்கிறார்.

சமய நூல்களுக்கு வருகிறேன். இங்கேதான் நாற்காலிகள் சத்தமாக நகரும்.

சமய நிறுவனர் ஒருவரைப் பற்றி ஆய்வாளர் எழுதிய வாழ்க்கை வரலாறு ஒன்றை எடுத்தோம். நம்பிக்கையாளர் ஒருவர், இந்த நூல் இழிவுபடுத்துகிறது என்றார். நம்பிக்கை இல்லாத இன்னொருவர், இது குழைந்து குழைந்து எழுதியிருக்கிறது என்றார். இருவரும் ஒரே நூலைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அன்றைக்குக் குறிப்பில் எழுத ஒரு வரிகூடத் தேறவில்லை. அடுத்த கூட்டத்தில் ஒழுங்கு ஒன்று கொண்டுவந்தோம். முதல் சுற்றில் நூல் என்ன சொல்கிறது என்பது மட்டும். நமக்கு என்ன தோன்றுகிறது என்பதற்கு இரண்டாம் சுற்று. முதல் சுற்றை, நூலோடு உடன்படாதவர்தான் தொடங்க வேண்டும். உடன்படுபவர் தலையசைக்கும் அளவுக்கு நியாயமாகச் சுருக்கிச் சொல்ல வேண்டும். அந்த நம்பிக்கையாளரே தொடங்கினார். நூலின் வாதத்தை வரிசையாக, கசப்பு இல்லாமல் எடுத்து வைத்தார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர், “ஐயா, இவ்வளவு தெளிவாக நானே சொல்லியிருக்க மாட்டேன்” என்றார். பிறகு இரண்டாம் சுற்றில் இருவரும் மறுபடி மோதிக்கொண்டார்கள். ஆனால் இந்தத் தடவை மோதல் எந்தப் பக்கத்தில், எந்த வாதத்தில் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குறிப்பேட்டில் நான்கு பக்கம் நிறைந்தது.

எவ்வகைச் சமய நூல் என்று முதலில் கேட்டுக்கொள்வதும் பாதிச் சண்டையைத் தவிர்க்கும். மூல நூல் வேறு, உரை வேறு, அடியார் எழுதிய வரலாறு வேறு, ஆய்வாளர் எழுதியது வேறு, பிற சமயத்தாரை மறுக்க எழுதியது வேறு. பெரியபுராணத்தை எடுத்தபோது, காலமும் சான்றும் இல்லை என்று ஒருவர் குறைப்பட்டார். ஆதரவுக்காக, வரலாற்று ஆசிரியராக இருந்த பெரியவரைப் பார்த்தார். அவரோ, “இதற்கு நான் இரண்டாவது சீட்டு வைக்கவில்லை” என்று சொல்லிவிட்டார். நாயன்மார்கள் வாழ்ந்த நூற்றாண்டுகளில் என்ன நடந்தது என்பதற்கு இந்த நூலை மட்டும் சாட்சியாக நிறுத்த முடியாது. ஆனால் 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் காலத்தில், சைவர்கள் தங்கள் அடியார்களை எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது என்பது அவர் கருத்து. பக்தியோடு படிப்பவருக்கும் வரலாறாகப் படிப்பவருக்கும் ஒரே வாக்கியத்தில் இடம் கொடுத்துவிட்டார்.

சமய நூல்களைப் பற்றிய வாசகர் கருத்து என்றால் நமக்கு நாமே கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நம் உரையாசிரியர்கள் அதைத்தானே செய்தார்கள்? திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து என்று மரபு. பரிமேலழகர் தமக்கு உடன்பாடு இல்லாத பொருளையும் பல இடங்களில் எடுத்துச் சொல்லி, இவ்வாறு உரைப்பாரும் உளர் என்று குறித்துவிட்டுத்தான் மேலே போகிறார். எதிர்த்தரப்பை ஒரு வரியிலாவது பதிவு செய்யாமல் தன் கருத்தை நிறுத்துவது அவருக்கு ஒப்பவில்லை. கீதையைப் பாருங்கள். சங்கரர் அதில் ஞானத்தின் முதன்மையைக் காண்கிறார், இராமானுஜர் பக்தியை. மாண்டலே சிறையில் இருந்த திலகர் செயலைக் காண்கிறார். அவருடைய ‘கீதா ரகசியம்’ 1915இல் வெளிவந்தது. காந்தி அதே நூலில் பற்றற்ற தொண்டையும் அகிம்சையையும் கண்டார். எழுத்து ஒன்றுதான், படித்தவர்கள் நின்ற இடம் வேறு. ஆகவே ‘கீதை என்ன சொல்கிறது என்றால்’ என்று தொடங்கும் கருத்துகளுக்கு முன்னால், யாருடைய உரை வழியாக என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். பதிப்பைப் பார்க்காமலேயே தெரிந்தது போலப் பேசியவர்கள், அதன் பிறகு முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பிற சமய நூலைப் படிப்பவருக்கு உ.வே.சாமிநாதையரைவிட நல்ல வழிகாட்டி இல்லை. பிறப்பாலும் படிப்பாலும் சைவச் சூழலில் வளர்ந்தவர். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்ட கேள்விதான் அவரைச் சமணக் காப்பியத்திடம் கொண்டுபோனது. தெரிந்த இலக்கணத்தை வைத்துப் புரியாத இடங்களை ஊகித்து நிரப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப் போய், அவர்கள் மரபில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அந்தக் கொள்கைக்கு என்ன விளக்கம் என்று மாணவனாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் அவருடைய பதிப்பு வந்தது. இதைத் தம் தன்வரலாற்றில் அவரே விரிவாக எழுதியிருக்கிறார். எங்கள் வட்டத்தில் இதை நடைமுறையாக்கிவிட்டோம். எந்தச் சமய நூலை எடுத்தாலும், அதை வழிபாட்டு நூலாக வைத்திருக்கும் ஒருவரிடமாவது முன்கூட்டியே கேட்டு வர வேண்டும். ‘நீங்கள் இந்தப் பகுதியை எப்படிப் படிக்கிறீர்கள்?’ என்று கேட்டால் போதும். ‘இதை எப்படி நம்புகிறீர்கள்?’ என்று கேட்டால் உரையாடல் வாசலிலேயே முடிந்துவிடும்.

தலைமைப் பண்பு நூல்களைப் பற்றி நீளமாக எழுத என்னிடம் விஷயம் இல்லை. அந்த நூல்களிலும் பெரும்பாலும் இல்லை. ஒரு கட்டுரையில் அடங்கக்கூடியதை முந்நூறு பக்கத்துக்கு இழுப்பது அந்த வகையின் குணம். எங்கள் வட்டத்தில் ஓர் அக்கா, பெரிய பட்டறை ஒன்றில் மேற்பார்வை பார்த்தவர், எந்தத் தலைவரின் வெற்றிக் கதையைப் படித்தாலும் ஒன்றைத்தான் கேட்பார்: “அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? புத்தகத்தில் அவர்கள் வாயைத் திறக்கிறார்களா?” இடித்துச் சொல்லும் துணை இல்லாத மன்னன், கெடுப்பவர் யாரும் இல்லாமலே கெடுவான் என்று குறள் சொல்லிவிட்டது. ஆகவே தலைமை பற்றிய நூலில் இடித்துச் சொன்ன ஆள் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். அப்படி ஒரு ஆளே இல்லாத நூலைத் தயங்காமல் மூடி வைத்துவிடலாம்.

இரண்டாவது சோதனை, காலம். ஜிம் காலின்ஸ் 2001இல் எழுதிய ‘குட் டு கிரேட்’ நூல், சாதாரண நிலையிலிருந்து சிறந்த நிலைக்கு உயர்ந்தவை என்று 11 நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் தலைவர்களிடம் இருந்த பொதுப் பண்புகளை விவரிக்கிறது. அந்த 11இல் ஒன்றான சர்க்யூட் சிட்டி 2008இல் திவாலானது. இன்னொன்றான ஃபேனி மே அதே ஆண்டில் அமெரிக்க அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டது. இதனால் நூல் முழுதும் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் ஜெயித்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி, அவர்களிடம் உள்ள பொதுக் குணத்தைத் தேடினால், அதே குணத்தோடு தோற்றவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். எனவே இந்த வகை நூல்களை வெளிவந்து பத்து ஆண்டு ஆன பிறகு படிக்கலாம் என்பது எங்கள் வழக்கம். எடுத்துக்காட்டுகளில் எத்தனை பேர் இன்னும் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். அக்காவுக்கு இந்த வகையில் பிடித்த நூல் மாக்கியவெல்லியின் ‘இளவரசன்’. பதவி பறிபோய், சிறையில் சித்திரவதைப்பட்டு, வெளியே வந்த 1513ஆம் ஆண்டில், புளோரன்சில் ஆட்சிக்கு வந்துவிட்ட மெதிச்சி குடும்பத்தின் கவனத்தைப் பெற எழுதியது. “வேலை போனவர் வேலை கேட்டு எழுதிய விண்ணப்பம். அதனால்தான் இவ்வளவு நேர்மை” என்பது அவர் கருத்து. அது குறிப்பேட்டில் முழுதாக ஏறியது.

இனி நாவல்கள். பெருநாவல்களைப் பற்றிப் பேசும்போது மக்கள் பயந்து பேசுகிறார்கள். உலகமே கொண்டாடும் நூல் பிடிக்கவில்லை என்றால் தன் அறிவில்தான் குறை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதைப் போக்க ‘மோபி டிக்’ கதையைச் சொல்வேன். 1851 அக்டோபரில் லண்டனில் முதலில் வெளியான பதிப்பில், கடைசியில் வரும் சிறு பின்னுரை விடுபட்டுப் போனது. கப்பல் மூழ்கிய பிறகு கதைசொல்லி எப்படிப் பிழைத்தான் என்பது அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அது இல்லாததால், எல்லோரும் செத்துவிட்டால் இந்தக் கதையை யார் சொல்கிறார்கள் என்று ஆங்கிலேய விமர்சகர்கள் கேலி செய்தார்கள். அவர்கள் கையில் இருந்த புத்தகத்துக்கு அந்தக் கேள்வி நியாயமானதுதான். 1891இல் நாவலாசிரியர் மெல்வில் இறந்தபோது அவரை நினைவில் வைத்திருந்தவர்கள் குறைவு. 1920களில்தான் அந்த நாவல் மீண்டும் எழுந்தது. ஆகவே பெயர் பெற்ற நூல் பிடிக்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

தமிழில் இது இன்னும் முக்கியம். ஒரே நாவலுக்கு முழு மொழிபெயர்ப்பும் இருக்கும், சிறுவர்க்கான சுருக்கமும் இருக்கும், அட்டையில் ‘சுருக்கம்’ என்ற சொல்லே இல்லாத சுருக்கமும் இருக்கும். ஒரு கூட்டத்தில் இருவர், நாவலில் ஒரு கிளைக்கதை இருக்கிறது, இல்லை என்று வெகுநேரம் வாதிட்டார்கள். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒன்று மற்றதில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான். வாதம் நின்றது. அன்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர் பெயர், முழுப் பதிப்பா சுருக்கமா என்ற இரண்டையும் ஒவ்வொருவரும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ என்று ஒருவர் பேசும்போது, அவர் படித்தது டி.எஸ்.சொக்கலிங்கம் மொழிபெயர்த்த ‘போரும் வாழ்வும்’ என்றால் அதைக் குறித்துக்கொள்வேன். நடை பற்றிய பாராட்டில் ஒரு பங்கு மொழிபெயர்ப்பாளருக்குப் போக வேண்டும், குறைகளிலும் அப்படியே.

ரஷ்ய நாவல்களில் பலர் பாதியில் இறங்கிவிடுவதற்குக் காரணம் தத்துவம் அன்று, பெயர்கள். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரஸ்கோல்னிகவ் என்பவன்தான் ரொடியோன் ரொமானவிச், அவன்தான் வீட்டாருக்கு ரோத்யா என்பது பிடிபடுவதற்குள் நூறு பக்கம் போய்விடும். ஒரு சீட்டில் பெயர், தந்தைவழிப் பெயர், செல்லப்பெயர் மூன்றையும் எழுதிப் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டால் போதும். இந்தச் சீட்டை நாங்கள் படித்து முடித்தவுடன் அடுத்தவருக்குப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

பாதியில் விட்டவர்களின் கருத்தை வாங்காமல் விடுவது பெரிய இழப்பு. முடித்தவர்கள்தான் பேச வேண்டும் என்று வைத்தால், பொறுமைசாலிகளின் கருத்து மட்டுமே மிஞ்சும். எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், அந்தப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இரண்டு கேள்விகள் கேட்பேன். பலர் ஒரே இடத்தில் விட்டிருந்தால், அடுத்து படிப்பவரிடம் அந்த இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ‘இருநூறாம் பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது, ஐம்பது பக்கம் தள்ளினால் இறக்கம்’ என்பது எந்தப் புகழுரையைவிடவும் உதவியானது.

வாசகர் இப்படிக் குறை சொல்வதை நல்ல எழுத்தாளர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டதில்லை. செர்வாண்டிஸ் 1605இல் ‘டான் குயிக்ஸாட்’ முதல் பாகத்தை வெளியிட்டார். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில், முதல் பாகத்தைப் படித்துவிட்ட ஒரு பாத்திரம் வந்து, வாசகர்கள் என்னென்ன குறை சொல்கிறார்கள் என்று கதாநாயகனிடமே ஒப்பிக்கிறது. நடுவில் சம்பந்தமில்லாத கதை எதற்கு என்பது ஒரு குறை. கதாநாயகனின் உதவியாள் சாஞ்சோவிடமிருந்து திருடுபோன கழுதை, திரும்பக் கிடைத்ததாகச் சொல்லாமலேயே மறுபடி வந்து நிற்கிறதே என்பது இன்னொரு குறை. கழுதையைக் கவனித்த வாசகரை நான் மிகவும் மதிக்கிறேன். கல்கியும் பொன்னியின் செல்வனின் முடிவுரையில், கதை திடீரென்று முடிந்துவிட்டதே என்று குறைப்பட்ட வாசகர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

ஒருவரே இரண்டு தடவை படித்துச் சொன்ன கருத்துகள்தாம் என் ஏட்டில் உள்ள சிறந்த பக்கங்கள். பழைய கருத்தை அடிக்காமல் தேதியோடு வைத்து, புதியதைக் கீழே எழுதுவேன். பட்டறை அக்கா ‘அன்னா கரேனினா’வை மாணவியாக இருந்தபோது படித்தவர்; அன்னாவைத் தவிர வேறு யாரும் அவர் நினைவில் நிற்கவில்லை. எங்களோடு மறுபடி படித்தபோது அவர் பேசியது முழுக்க அன்னாவின் அண்ணி டாலியைப் பற்றி. பிள்ளைகளையும் கடனையும் கணவனின் துரோகத்தையும் சுமந்துகொண்டிருக்கும் டாலி, செல்வத்தில் மிதக்கும் அன்னாவைப் பார்க்கப் பண்ணை வீட்டுக்குப் போகிறாள். அங்கே பெட்டியைத் திறக்கும்போது, ஒட்டுப்போட்ட தன் மேலாடையை அந்த வீட்டுப் பணிப்பெண் பார்த்துவிடுகிறாளே என்று கூசிப்போகிறாள். அக்கா அந்தப் பகுதியை எடுத்துப் படித்துக் காட்டினார். “இந்த இடம் முன்பு படித்தபோது புத்தகத்தில் இருந்ததா என்றே சந்தேகமாக இருக்கிறது” என்றார்.

வட்டம் எதுவும் இல்லாமல் தனியாகப் படிப்பவர்கள், பிறர் கருத்தைப் பார்த்துப் புத்தகம் தேர்வதாக இருந்தால், புத்தகத்துக்கு முன் ஓர் ஆளைத் தேர்ந்துகொள்ளுங்கள். ரசனை உங்களோடு ஒத்துப்போகிறவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நிலையாக இருந்தால் போதும். நீங்கள் ஏற்கெனவே படித்த நூல்களைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும். எங்கள் வட்டத்தில் வேகமான கதையை மட்டுமே விரும்பும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ‘ஒன்றுமே நடக்கவில்லை, நூறு பக்கம் ஒரே வீட்டுக்குள் சுற்றுகிறார்கள்’ என்று அவர் எரிச்சலோடு சொல்லும் நாவல்களை அன்றே குறித்துக்கொள்கிறேன். இதுவரை ஒன்றுகூட என்னைக் கைவிட்டதில்லை. அவர் ஒரே இரவில் முடித்துவிட்டதாகச் சொல்பவற்றை வேறு ஒருவருக்கு அனுப்பிவைக்கிறேன். அவருக்கு அவை பிடித்துவிடுகின்றன.